குறுக்கே ஒரு கோடு

இரண்டு நிமிடம் பதினோரு வினாடி வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது...

திருப்பூர் மண்ணரையில் அன்று மாலை கரண்ட் கட். தெருவே கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டிருக்க, தேவாலயத்துக்குள் வினிதா மட்டும் பரம சந்தோஷத்தில் இருந்தாள். திருப்பூரில் கரண்ட் போகவேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபித்த ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். அவளுடைய ஆர்கனுக்குக் கரண்ட் தேவையில்லை. கால்கள் மாறி மாறி மிதித்தால் உள்ளே துருத்தி ஊதும், கை வைத்த இடத்தில் ஸ்வரம் பிறக்கும். கரண்ட் தேவைப்பட்டதெல்லாம் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருந்த எட்டு நிட்டிங் மெஷின்களுக்குத்தான். அவை இன்று வாயை மூடியிருந்தன. ஜெனரேட்டர் போட வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தார்.

பெஞ்சின் மேல் தலையணை, தலையணையின் மேல் பதிவு செய்ய ஒரு மைக். வாசித்து முடிக்க இன்னும் நாலே வரி...

டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தார்.

ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. அப்புறம் எட்டு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக உறும ஆரம்பித்தன. வினிதா ஆர்கனை மூடினாள். செருப்பைக் காலில் மாட்டினாள். வலது இடதில், இடது வலதில். அது அவளுக்குத் தெரியாது. கோபம் வந்தால் அவளுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும், காலெல்லாம் அதன் இஷ்டத்துக்கு நடக்கும்.

யூனிட் வாசலில் ஓர் ஆள் நூல் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தலையில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, இமையில் பஞ்சு. அத்தனை வெள்ளைக்கும் நடுவே இரண்டு கறுப்புக் கண்கள் அவளை ஏறிட்டுப் பார்த்தன... கொஞ்சம் அதிகமாகவே பார்த்தன.

"ஓனர் எங்க இருக்காரு? அவரைக் கூப்பிடுங்க."

அவன் உள்ளே போனான். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதே ஆள் திரும்பி வந்து நின்றான்.

"சொல்லுங்க. ஓனருதானுங்க."

இவன் முகத்தைக் கழுவாமலே வந்திருக்கலாம் என்று வினிதாவுக்குத் தோன்றியது. பஞ்சு இருந்தவரைக்கும் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

ஆனாலும் அவள் விடவில்லை. இன்னும் நாலு வரி பொறுத்து ஜெனரேட்டரைப் போட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டாள். பத்து வயதில் திருப்பூருக்கு வந்தவள்தான், பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் தூத்துக்குடி எட்டிப் பார்க்கும். "கொஞ்சம் பொறுத்தா என்னங்க கொறஞ்சு போவுது? மூணு வாரமா ஒரு பாட்டு முடிக்க முடியாம கெடந்து தவிக்கேன், உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுதா?"

அப்பாவோடு சேர்ந்து அந்த யூனிட்டை நடத்துகிற யுவன் நிதானமாக விளக்கினான். துணி ரோல் பாதியில் இருக்கும்போது மெஷின் நின்றுபோனால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். ஸ்டாப் மார்க். கண்ணுக்கு மெல்லிசாகத்தான் தெரியும், சாயம் போட்டால் எடுப்பாகத் தெரியும். இன்றைக்குக் கரண்ட் போனதில் எட்டு ரோலில் எட்டுக் கோடு. அருள்புரத்துக் கம்பெனியில் துணி செக் பண்ணுகிற ஓர் அம்மா இருக்கிறார், அவர் கண்ணுக்கு இந்தக் கோடு தப்பவே தப்பாது, எட்டும் திரும்பி வரப்போகிறது, அந்த வயிற்றெரிச்சலில் நிற்கிறவனிடம் வந்து பாட்டு முடியவில்லை என்றால் அவன் என்ன செய்வான்?

வினிதாவின் கோபம் மெதுவாக இறங்கியது. இறங்கி, வேறு ஒரு சங்கடத்தில் போய் நின்றது.

"அந்த அம்மா பேரு என்னங்க?"

"பேரு வினிதாங்க. ரிஜக்ட் சிலிப்புல கையெழுத்தைப் பாத்துப் பாத்து எனக்கே மனப்பாடம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அம்பது வயசு அம்மாவா இருக்குமுங்க."

"இருபத்தாறு வயசு. கண்ணாடி போடல. நான்தான் அது."

யுவன் துடைத்த முகத்தையே மறுபடி துடைத்துக்கொண்டான். கடைசியில், அவள் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்.

"ஏனுங்க... செருப்பு கால் மாறிக் கெடக்குதுங்க."

*

அவள் வாசித்துக்கொண்டிருந்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கோயிலில் ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கும் முன், சபைக்கு மெட்டை நினைவுபடுத்த ஆர்கன் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிக்கும். அந்த முன்னிசைக்குக் கோரல் பிரெலூட் என்று பெயர். மேதைகள் எழுதியவற்றை உலகமே வாசித்துத் தீர்த்துவிட்டது. வினிதா பிடித்துக்கொண்டது யாருமே சீந்தாத ஒருவரை. ஜெர்மனியில் ஏதோ ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு முன்னிசைகளை எழுதி வைத்துவிட்டுப் போனவர். எல்லாம் மூன்று மூன்றரை நிமிடம். ஒன்றைக்கூட இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. வினிதா அவரைப் "பெரியவர்" என்றுதான் சொல்வாள். ஏழாவதில் பெரியவர் என்னமா அழவைக்கிறார் என்பாள், ஏதோ பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவர் மாதிரி.

இப்படி மறந்துபோன இசைகளைச் சேகரித்து இணையத்தில் போடுகிற ஒரு ஜெர்மன்காரர் அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். குருத்தோலை ஞாயிற்றுக்குள் பன்னிரண்டும் வந்தால், முதன்முதலில் பதிவு செய்தவர் என்று அவள் பெயரைப் போட்டு வெளியிடுவார். பன்னிரண்டும் வேண்டும். பதினொன்று போதாது.

வினிதா தங்கராஜ், திருப்பூர். இந்தப் பெயரை இதுவரை எழுத்தில் பார்த்தது ரிஜக்ட் சிலிப்புகளில்தான். அதைப் பார்த்து சந்தோஷப்பட்டவர் உலகத்தில் ஒருவருமில்லை. ஒரே ஒருமுறை, ஓர் அழகான காரியத்துக்குக் கீழே அந்தப் பெயர் இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கட்டிங் மாஸ்டரான அவள் அப்பா தங்கராஜுக்குக்கூட அந்த ஆசை முழுசாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாதே, அன்று பதிவு செய்யலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காலை ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியம், மாலை ஆராதனை. ஆண்டவருக்கே அன்று ஓய்வு கிடைப்பது சந்தேகம்.

மூன்றாம் நாள் யுவன் கோயில் வாசலுக்கு வந்தான். பஞ்சில்லாமல், தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். உள்ளே வரலாமா என்று கேட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான்.

"உங்க பாட்டு ஒண்ணு எத்தனை நிமிசமுங்க?"

மூன்றரை என்றாள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது... கண்ணில் தொடங்கி உதட்டுக்கு வருகிற சிரிப்பு. வினிதா அவசரமாக ஆர்கன் கட்டைகளை எண்ண ஆரம்பித்தாள்.

அவன் யோசனை இதுதான். ஒரு ரோல் முடிய ஒன்றேகால் மணி நேரம். முடிந்ததும் மெஷினை நிறுத்தித் துணியை அறுத்து ரோலை இறக்குவார்கள். அந்த இடம் எப்படியும் அறுபடுகிற இடம், அங்கே கோடு விழுந்தால் குற்றமில்லை. நாலு நிமிடம். ஆனால் எட்டு மெஷினும் எட்டு நேரத்தில் முடிகிறபடியால் அமைதி என்பதே கிடையாது. எட்டும் ஒரே நேரத்தில் முடியும்படி சுற்றுக் கணக்கை வைத்துவிட்டால்? அவள் வேலை முடிந்து வருகிற ஆறே காலுக்கு, சரியாக நாலு நிமிடம்.

"உங்க அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"ரோல் விழாம மெஷின் நிக்கக்கூடாது. அது ஒண்ணுதானுங்க எங்கப்பா சட்டம். எங்கம்மாளைப் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கிக்கூட மெஷினை நிறுத்தாமப் போன மனுசன். இதுல சட்டம் மீறலீங்க."

*

அடுத்த மூன்று வாரம் மண்ணரையின் அந்த மூலையில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது.

ஆறே காலுக்கு எட்டு மெஷினும் ஒன்றாக மூச்சை நிறுத்தும். உடனே சுவருக்கு அந்தப்புறம் ஏழு பேர் வெறுங்காலோடு பூனை நடை நடப்பார்கள். ரோலைத் தொப்பென்று போடக்கூடாது, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கவேண்டும் என்பது யுவனின் உத்தரவு. சூப்பர்வைசர் அங்கமுத்துவுக்குத் தும்மல் வந்தால் தெருமுனைக்கு ஓடிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லோரும் முனகினார்கள். நாலாம் நாள் அங்கமுத்து கோன் பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார், கேட்டவர் குறட்டை விட்டார், அன்றைய பதிவு போயிற்று. இரண்டாவது வாரத்தில் ஒரு பீகார்ப் பையன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பெரியவரின் மூன்றாம் எண்ணை முனகினான். இருநூறு வருஷமாக யாரும் சீண்டாத மெட்டு, போஜ்புரி வாடையோடு மண்ணரைத் தெருவில் போனது.

ஒரு நாள் நாய். ஒரு நாள் அரைத்த மாவு விற்கிற வண்டியின் ஒலிபெருக்கி. ஒரு நாள் வினிதாவின் விரல். நாலே நிமிடத்தில் யுவன் ஜன்னல் ஓரம் வந்து எட்டிப் பார்ப்பான். அவள் தலையை ஆட்டினால் ஆச்சு, உதட்டைப் பிதுக்கினால் நாளைக்கு. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அவன் பகல் முழுவதும் காத்திருந்தான் என்பது எட்டு மெஷினுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது... அல்லது தெரியாத மாதிரி இருந்தாள்.

இதற்கிடையே பகலில் அருள்புரத்தில் அவள் வேலையும் நடந்தது. யுவன் யூனிட்டுத் துணி வந்தால், விளக்குப் போட்ட கண்ணாடி மேஜையில் ஓடவிட்டுப் பார்த்து, ஓட்டையோ கோடோ இருந்தால் ரிஜக்ட் போட்டாள். மூன்று வாரத்தில் நாலு ரோல். அன்று மாலையே அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவன் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதுதான் வினிதாவைக் கவிழ்த்தது. கண்ணும் சிரிப்பும் கூட அப்புறம்தான். இந்த ஆள் துணி வேறு, பாட்டு வேறு என்று வைத்திருக்கிறானே என்று அவளுக்கு அவன் மேல் மரியாதை வந்தது. மரியாதையோடு நின்றிருந்தால் இந்தக் கதை எழுத வேண்டியிருக்காது.

பதினொன்று முடிந்தது. ஒன்றுதான் பாக்கி, பன்னிரண்டாவது.

அப்போதுதான் அங்கமுத்து வாயைத் திறந்தார்.

நல்ல மனிதர். முதலாளிக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார். அருள்புரத்தில் ரோல் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் வினிதாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கம்மிணி, எங்க சின்னவரு உங்களுக்காவ எட்டு மெஷினை அடக்கி வெக்கறாரு. நீங்களும் நம்ம துணியைப் பாத்துக் கீத்துப் பாஸ் பண்ணிவுட்டா ஆகாதுங்களா?" என்றார்.

வினிதாவுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த அமைதி முழுவதும் இதற்குத்தானா? தலையாட்டல், வெறுங்கால், ஜன்னல் எல்லாம்?

அன்று மாலை ஆர்கன் பக்கமே போகாமல் நேரே யூனிட்டுக்குப் போய்க் கேட்டாள். கேட்ட கேள்வி முழுத் தூத்துக்குடியில் இருந்தது. நான் கேட்டேனா உங்க தயவை, துணியைப் பாஸ் பண்ணணும்னு நேராவே சொல்லியிருக்கலாமே என்றாள். அங்கமுத்து சொன்னார் என்றும் சொன்னாள்.

நான் சொல்லி அனுப்பவில்லை என்று யுவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாரம் முகத்துக்கு முகம் பார்த்த பிறகும் இவள் இதை நம்பிவிட்டாளே என்ற வலி அவனை முந்திக்கொண்டது.

"நீங்க அப்படி நெனச்சா அப்படியே வெச்சுக்கங்க" என்றான்.

வீம்பு என்பது ஸ்டாப் மார்க் மாதிரிதான். நின்ற இடத்தில் விழுந்துவிடும்.

பத்து நாள் அவள் வரவில்லை. அங்கமுத்து விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார், நானே போய்ச் சொல்கிறேன் என்றார். யுவன் விடவில்லை. நூல் மாறியது, ஊசி மாறியது, ஒன்றாக நின்ற எட்டு மெஷினும் எட்டுத் திசைக்குப் போய்விட்டன. ஆறே காலுக்கு யாரும் நிற்கவில்லை.

*

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வானம் மூடிக்கொண்டு வந்தது.

வினிதா கோயிலைத் திறந்தாள். யாரிடமும் கேட்கப்போவதில்லை. மெஷின் சத்தத்தோடே பதிவு செய்து அனுப்பிவிடுவது, அவர் ஏற்றால் ஏற்கட்டும், தள்ளினால் தள்ளட்டும். தள்ளுவார் என்று அவளுக்குத் தெரியும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துத் தள்ளுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மிதிகளில் கால் வைத்தாள்.

பன்னிரண்டாவது ரொம்ப மெதுவாக ஆரம்பிக்கும். முதல் ஸ்வரம் உறுமலுக்குள் கேட்கவே இல்லை. இரண்டாவது... மூன்றாவது...

என்னவோ குறைந்தது.

ஒரு மெஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று. யாரோ ஓடி ஓடி நிறுத்துகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக... ஐந்து, ஆறு, ஏழு. வினிதாவின் கை நின்றுவிட்டது. எட்டாவதும் நின்றது. இது ஆறே கால் இல்லை. எந்த ரோலும் முடியும் நேரம் இல்லை. ரோல் பாதியில், சட்டத்தை மீறி, எட்டையும் நிறுத்தியிருக்கிறான்.

அவளுக்குத் தெரியாதா அதன் அர்த்தம்? திருப்பூரில் அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் கட்டைகளில் இருந்தன. முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. ஒரு பிசகு இல்லை. கடைசி ஸ்வரம் காற்றில் கரைந்து முடிந்தபோது வெளியே ஜன்னலருகில், ரொம்ப மெதுவாக, ஒரு குரல் கேட்டது.

"மெஷினை இப்பப் போட்டுறாதீங்க. அவங்க இன்னும் கையெடுக்கல."

அப்புறம் கோயில் தகரக் கூரையில் முதல் மழைத்துளி விழுந்தது.

*

யுவனின் அப்பா ஆத்தப்பன் மறுநாள் எட்டு ரோலையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். யுவன் தலை குனிந்து நின்றான்.

"எட்டுமா?"

"ஆமாங்கப்பா."

"கரண்ட் போச்சா?"

"இல்லீங்கப்பா."

ஆத்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டு சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கிருந்து சத்தமே வரவில்லை. "கொண்டு போயி நீயே காட்டிப்போட்டு வா. டிரைவரை அனுப்பாத. இதுக்கெல்லாம் டிரைவரை அனுப்பக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை காலை அருள்புரத்தில் நல்ல மழை. லோடு ஆட்டோவில் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு ரோலும் நனையாமல் வந்தன. யுவன் நனைந்து வந்தான். இமையில் பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது.

"எட்டு ரோலுங்க. எட்டுலயும் ஒரு கோடு இருக்குது. ரிஜக்ட் பண்ணிக் குடுங்க."

"எல்லாரும் பாஸ் பண்ணச் சொல்லி வருவாங்க."

"நான் அதைக் கேட்டு ஒருநாளும் வந்ததில்லீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வினிதா மேஜைப் பக்கம் திரும்பினாள். முதல் ரோலைக் கண்ணாடி மேஜையில் ஏற்றி விளக்கைப் போட்டாள். வெள்ளைத் துணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஓர் இடத்தில், குறுக்கே, முடி கனத்தில் ஒரு கோடு. நிறுத்தி, விரலால் அதைத் தடவினாள். தடவ வேண்டிய அவசியம் எந்த விதியிலும் இல்லை. அடுத்த ரோல். அடுத்தது. எட்டுக் கோடும் எட்டு இடத்தில் விழுந்திருந்தன. எல்லாம் ஒரே மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

எட்டுக்கும் சேர்த்து ஒரு சிலிப் எழுதினாள். ஸ்டாப் மார்க், ரிஜக்ட், வினிதா. அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று யூனிட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம். அதை அவனிடம் நீட்டினாள்.

யுவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தான்.

"எழுத முடியாதுங்க."

"எழுதித்தான் ஆகணும். கம்பெனி விதி."

"பொய் எழுத வராதுங்க எனக்கு. மறுபடி நடக்கும். நீங்க ஆர்கன்ல கை வெச்சீங்கன்னா நான் நிறுத்திருவேன்." பேனாவை மேஜையில் வைத்தான். "உங்களை எனக்கு அவ்வளவு புடிச்சிருக்குதுங்க. எட்டு மெஷினுக்கும் தெரியும், எங்கப்பாவுக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டத்தான் இன்னும் சொல்லல."

வினிதா தலை நிமிரவில்லை. சிலிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஜெர்மன்காரர் நேத்து பதில் போட்டாரு. பன்னெண்டும் நல்லா இருக்காம். கடைசியில மட்டும் ஒரு ஆம்பளைக் குரல் கேக்குதாம், வெட்டி எடுத்துரட்டுமான்னு கேட்டிருந்தாரு."

யுவனுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு மாதப் பாடு, தன் வாயால் போயிற்றா? "வெட்டச் சொல்லிட்டீங்கல்ல?"

"இல்ல." இப்போது நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இருந்தது கோபமில்லை, ஆனாலும் அவள் பேச்சில் தூத்துக்குடி வந்திருந்தது. "வெட்ட வேண்டாம், அது எனக்கு வேணும்னு எழுதிட்டேன். யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லுதது? அதை யோசிச்சிட்டுத்தான் ராத்திரியெல்லாம் உறங்கல."

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. வினிதா பேனாவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் தானே 'நடக்கட்டும்' என்று எழுதினாள். அவன் அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

அந்த நேரம் பார்த்து யுவனின் போன் அடித்தது. ஆத்தப்பன். பின்னணியில் எட்டு மெஷினும் சுற்றுகிற சத்தம் கேட்டது, அதற்கு மேல் கத்திப் பேசியே பழகிய குரல் அறை முழுக்க நிறைந்தது.

"என்ன கண்ணு, ரிஜக்ட் பண்ணிப்போட்டாங்களா?"

"பண்ணிட்டாங்கப்பா."

"எல்லாத்தையுமா?"

யுவன் வினிதாவைப் பார்த்தான். அவள் அவசரமாகத் துணியை மடிக்க ஆரம்பித்திருந்தாள், மடிக்கத் தேவையில்லாத துணியை.

"துணியை மட்டுந்தானுங்கப்பா."